வயிற்று வலிக்கு முழங்காலில் ஊசியா?

வயிறு உப்பிக்கொண்டு வலிக்கிறது. டாக்டர் வருகிறார். வயிற்றைத் தொட்டுப் பார்க்கிறார். பிறகு, முழங்காலுக்குக் கீழே ஊசியைச் செருகுகிறார்! "டாக்டர், வலி அங்கே இல்லை, இங்கே!" என்று கத்தத் தோன்றும், இல்லையா குட்டீஸ்?

இது உண்மையில் நடந்த கதை. 1971-ம் ஆண்டு ஜூலை மாதம். ஜேம்ஸ் ரெஸ்டன் என்பவர் அமெரிக்காவின் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழில் பெரிய பத்திரிகையாளர். மனைவியுடன் சீனாவுக்குப் போயிருந்தார். போன இடத்தில் குடல்வால் வீங்கிக்கொண்டது. பீஜிங் மருத்துவமனை ஒன்றில் அவசரமாக அறுவை சிகிச்சை செய்தார்கள். மரத்துப் போகும் மருந்தை ஊசி மூலம் செலுத்தி, எல்லா ஊரிலும் செய்வது போலத்தான் செய்தார்கள். அது நல்லபடியாக முடிந்தது. ஆனால், இரண்டாம் நாள் இரவு வயிறு உப்பி ஒரே அவஸ்தை.

அப்போதுதான் அக்குபஞ்சர் மருத்துவர் வந்தார். நீளமான, மெல்லிய மூன்று ஊசிகளை எடுத்து, ரெஸ்டனின் வலது முழங்கையிலும் முழங்கால்களுக்குக் கீழேயும் செருகித் திருகினார். இரண்டு மூலிகைத் துண்டுகளைக் கொளுத்தி, வயிற்றுக்கு அருகே வைத்துச் சூடு காட்டினார். எல்லாம் இருபது நிமிட வேலை. ஒரு மணி நேரத்துக்குள் வயிற்று உப்புசம் இறங்கிவிட்டது! ரெஸ்டன் அதை அப்படியே எழுதி அனுப்ப, ஜூலை 26 அன்று முதல் பக்கத்தில் வெளியானது. அமெரிக்காவே வாய் பிளந்தது. (பின்னாளில் சிலர், 'அறுவை சிகிச்சையையே மயக்க மருந்து இல்லாமல் ஊசி குத்தித்தான் செய்தார்களாம்' என்று கதையைத் திரித்துவிட்டார்கள். அவர் அப்படி எழுதவே இல்லை!)

அது சரி. வயிற்றுக்கும் முழங்காலுக்கும் என்ன சம்பந்தம்?

வெண்கல மனிதன்

சீனர்கள் இரண்டாயிரம் வருடங்களாகச் சொல்லும் பதில் இது: உடம்புக்குள் 'சி' என்ற உயிர்ச்சக்தி ஓடுகிறது. அது ஓடுவதற்குப் பாதைகள் இருக்கின்றன. பாதையில் ஆங்காங்கே புள்ளிகள் இருக்கின்றன. அங்கே குத்தினால் ஓட்டம் சீராகும். வயிற்றுக்கு உரிய பாதை முகத்தில் தொடங்கி, மார்பு, வயிறு வழியாக இறங்கி, கால் விரலில் போய் முடிகிறது. அதில் 36-வது புள்ளிதான் முழங்காலுக்குக் கீழே இருக்கிறது. அதனால்தான் வயிற்றுக் கோளாறுக்குக் காலில் குத்துகிறார்கள்.

உடம்பை அறுத்துப் பார்த்த விஞ்ஞானிகள் யாரும் இப்படி ஒரு குழாயையோ கால்வாயையோ கண்டதில்லை. அதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் புள்ளிகளை மாணவர்கள் எப்படிப் படித்தார்கள் தெரியுமா? 1027-ம் ஆண்டில், சீனாவின் தலைநகராக இருந்த கைஃபெங் நகரில், வாங் வெய்யி என்ற மருத்துவர் பேரரசரின் ஆணைப்படி ஆள் உயரத்துக்கு இரண்டு வெண்கல பொம்மைகளைச் செய்ய வைத்தார். உள்ளே வெற்றிடம். மேலே நூற்றுக்கணக்கான துளைகள். பரீட்சை நாளில் பொம்மையின் மேல் மெழுகு பூசித் துளைகளை மறைத்துவிட்டு, உள்ளே தண்ணீர் நிரப்புவார்களாம். ஆசிரியர் புள்ளியின் பெயரைச் சொல்ல, மாணவன் ஊசியால் குத்த வேண்டும். சரியான இடமென்றால் தண்ணீர் சொட்டும், பாஸ்! தவறென்றால் ஊசி உள்ளேயே போகாது. காப்பி அடிக்க வழியே இல்லாத பரீட்சை!

புள்ளிகளின் பெயர்களும் அழகானவை. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருப்பதற்கு 'கூடும் பள்ளத்தாக்கு' என்று பொருள்படும் பெயர். உள் மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே இருப்பது 'நெய்குவான்'. அதாவது 'உள் வாசல்'. நம் கதாநாயகனான முழங்கால் புள்ளி 'சூசான்லி'. 'கால் மூன்று லி' என்று அர்த்தம். லி என்பது சீனர்களின் தூர அளவு. நடந்து களைத்தவன் இங்கே அழுத்திவிட்டால் இன்னும் மூன்று லி நடப்பானாம்!

புள்ளியை அளக்க ஸ்கேல் கிடையாது. நோயாளியின் கட்டை விரல் அகலம்தான் அளவு. நான்கு விரல்களைச் சேர்த்து வைத்தால் அது மூன்று பங்கு. குழந்தைக்குக் குழந்தையின் விரல், பயில்வானுக்குப் பயில்வானின் விரல். அவரவர் உடம்புக்கு அவரவர் ஸ்கேல். கெட்டிக்காரத்தனம்தான்!

நம் ஊர் வர்மப் புள்ளிகளை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது வேறு மரபு.

361-ல் யார் தலைவர்?

புத்தகத்துக்குப் புத்தகம், நாட்டுக்கு நாடு புள்ளிகளின் இடம் கொஞ்சம் கொஞ்சம் மாறியிருந்தது. சீனா, ஜப்பான், கொரியா ஆகிய மூன்று நாட்டு நிபுணர்களும் பல முறை கூடிப் பேசினார்கள். 2008-ல் உலக சுகாதார நிறுவனம் 361 புள்ளிகளுக்கு ஒரு பொதுப் பட்டியலை வெளியிட்டது.

அடேயப்பா, 361! ஒரு நோயாளிக்கு எல்லாவற்றிலுமா குத்த முடியும்? முள்ளம்பன்றி போல ஆகிவிடுவார். மருத்துவர் ஒருவர் சில புள்ளிகளைத் தேர்ந்தெடுப்பார். பக்கத்துத் தெரு மருத்துவர் அதே நோய்க்கு வேறு சிலவற்றைத் தேர்ந்தெடுப்பார். இவற்றில் முக்கியமானவை எவை? அதைக் கண்டுபிடிக்கத்தான் சில ஆய்வாளர்கள் கணக்கு நோட்டைத் திறந்தார்கள். அவர்கள் கையில் எடுத்த கருவியின் பெயர் வலைப்பின்னல் அறிவியல்.

இதன் விதை 1736-ல் விழுந்தது. கோனிக்ஸ்பெர்க் என்று ஒரு நகரம். இன்று அது ரஷ்யாவில் இருக்கிறது; பெயர் கலினின்கிராட். அங்கே ஆற்றின் மேல் ஏழு பாலங்கள் இருந்தன. ஒவ்வொரு பாலத்தையும் ஒரே ஒரு முறை கடந்து ஊரைச் சுற்றி வர முடியுமா? ஊர் மக்களுக்கு இது பொழுதுபோக்குப் புதிர். ஆய்லர் என்ற கணித மேதை வீடு, மரம், தெரு எல்லாவற்றையும் மறந்துவிட்டு, நிலப்பகுதிகளை வட்டமாகவும் பாலங்களைக் கோடாகவும் பார்த்தார். 'முடியவே முடியாது' என்று நிரூபித்துவிட்டார். வட்டமும் கோடும் போதும், பெரிய சிக்கலையும் பிடித்துவிடலாம் என்று அன்றைக்குத் தெரிந்தது.

ரயில் வரைபடத்தைப் பாருங்கள். ஊர் ஒரு வட்டம், தண்டவாளம் ஒரு கோடு. விழுப்புரத்திலிருந்து சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, காட்பாடி, புதுச்சேரி என்று ஐந்து பக்கமும் கோடு போகிறது. அதனால் அது ஜங்ஷன். நிறையக் கோடுகள் வந்து சேரும் வட்டம் முக்கியமானது. இது முதல் விதி.

இரண்டாவது விதி கொஞ்சம் தந்திரமானது. பாம்பன் பாலத்தில் இந்தப் பக்கம் ஒரு கோடு, அந்தப் பக்கம் ஒரு கோடு, அவ்வளவுதான். ஆனால் ராமேஸ்வரத்துக்கு ரயிலில் போக அதை விட்டால் வழி கிடையாது. 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயில்களை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கும் வரை ராமேஸ்வரத்துக்கு ஒரு பயணிகள் ரயில்கூட வரவில்லை! ஆக, கோடு குறைவாக இருந்தாலும், எல்லோரும் கடந்தே ஆக வேண்டிய இடமும் முக்கியமானதுதான்.

1999-ல் பரபாசி, ஆல்பர்ட் என்ற இரு விஞ்ஞானிகள் இணையதளங்களின் வலைப்பின்னலை ஆராய்ந்தபோது, பெரும்பாலான பக்கங்களுக்குச் சில கோடுகளே இருப்பதையும், மிகச் சில பக்கங்களுக்கு மட்டும் ஏராளமான கோடுகள் இருப்பதையும் விளக்கினார்கள். அதன் பிறகு விஞ்ஞானிகள் எங்கு பார்த்தாலும் ஜங்ஷன் தேட ஆரம்பித்துவிட்டார்கள். அக்குபஞ்சரும் தப்பவில்லை.

பென்சிலை எடுங்கள்!

அவர்கள் செய்ததை நாமும் சின்னதாகச் செய்து பார்ப்போமா? மூன்று மருத்துவர்கள் வயிற்றுக் கோளாறுக்கு ஊசி போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம் (இது சும்மா கற்பனைதான்). முதல் மருத்துவர் முழங்காலிலும் மணிக்கட்டிலும் குத்துகிறார். இரண்டாமவர் முழங்காலிலும் தொப்புளுக்கு மேலேயும். மூன்றாமவர் முழங்கால், மணிக்கட்டு, கை என்று மூன்று இடத்தில்.

ஒரு தாளில் நான்கு வட்டங்கள் போடுங்கள்: முழங்கால், மணிக்கட்டு, தொப்புள், கை. ஒரே மருத்துவர் சேர்த்துக் குத்திய புள்ளிகளுக்கு நடுவே கோடு இழுங்கள். இரண்டு முறை சேர்ந்து வந்தால் கோட்டைத் தடியாக்குங்கள். என்ன தெரிகிறது? முழங்காலிலிருந்து மூன்று பக்கமும் கோடு. முழங்காலுக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே தடித்த கோடு. தொப்புளுக்கு மேலே இருப்பதற்கு ஒரே ஒரு கோடுதான். முழங்கால்தான் இங்கே ஜங்ஷன்!

மூன்றுக்குப் பதிலாக நூற்றுக்கணக்கான சிகிச்சைக் குறிப்புகள். நான்குக்குப் பதிலாக 361 புள்ளிகள். பென்சிலுக்குப் பதில் கம்ப்யூட்டர். அவ்வளவுதான் வித்தியாசம். குறிப்புகளுக்கா பஞ்சம்? கொரியாவில் ஹியோ ஜுன் என்ற அரண்மனை மருத்துவர் எழுதி 1613-ல் வெளியான 'தொங்குய் போகாம்' என்ற பெரிய மருத்துவ நூல் இருக்கிறது. யுனெஸ்கோ அதை 2009-ல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. இது போன்ற பழைய நூல்களையும், இன்றைய மருத்துவமனைச் சோதனை அறிக்கைகளையும் கம்ப்யூட்டருக்குள் ஏற்றி, யார் யாரோடு சேர்ந்து வருகிறார்கள் என்று எண்ணுகிறார்கள்.

வயிற்றுக் கோளாறு பற்றிய இப்படிப்பட்ட ஆய்வுகளில் அடிக்கடி முன்வரிசையில் வந்து உட்காருபவர் யார் தெரியுமா? நம்ம சூசான்லிதான். பக்கத்திலேயே நெய்குவான்.

உப்பா, முருங்கைக்காயா?

'கண்டுபிடித்தாயிற்று, சூசான்லிதான் வயிற்றுக்கு மருந்து!' என்று துள்ளிக் குதிக்காதீர்கள். ஒரு சிக்கல் இருக்கிறது.

உங்கள் பாட்டியின் சமையல் நோட்டை எடுத்து இதே மாதிரி வட்டமும் கோடும் போடுங்கள். எது ஜங்ஷனாக வரும்? உப்பு! சாம்பாரிலும் உப்பு, ரசத்திலும் உப்பு, பொரியலிலும் உப்பு. இப்போது உங்கள் நண்பன் கண்ணை மூடிக்கொண்டு, "இந்தப் பாத்திரத்தில் உப்பு இருக்கிறது. என்ன குழம்பு, சொல்!" என்றால் சொல்ல முடியுமா? முடியாது. "துவரம்பருப்பு, புளி, முருங்கைக்காய் இருக்கிறது" என்றால்? உடனே "சாம்பார்!" என்று கத்திவிடுவீர்கள். உப்பு எல்லா இடத்திலும் இருப்பதாலேயே அது எதையும் காட்டிக் கொடுப்பதில்லை.

சூசான்லியும் கொஞ்சம் உப்பு ஜாதிதான். வயிற்றுக் கோளாறு மட்டுமில்லை. களைப்பு, வலி என்று பல தொல்லைகளுக்கும் அதில் குத்துகிறார்கள். ஆகவே, கேள்வியை இரண்டு பக்கமிருந்தும் கேட்க வேண்டும். 'இந்த நோய்க்கு எந்தப் புள்ளியை அதிகம் பயன்படுத்துகிறார்கள்?' என்பது ஒரு பக்கம். 'இந்தப் புள்ளியில் ஊசி இருந்தால், அது என்ன நோயாக இருக்கும்?' என்பது மறுபக்கம். தென் கொரியாவின் கியுங் ஹீ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டு 2020-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. துப்பறியும் கதை போல இல்லை?

முருங்கைக்காய் மாதிரியான புள்ளி ஒன்றும் இருக்கிறது. கால் சுண்டு விரல் நகத்தின் வெளி ஓரம், பெயர் 'சியின்'. தாயின் வயிற்றில் குழந்தை தலை கீழாக இருந்தால்தான் பிரசவம் சுலபம். சில குழந்தைகள் பிடிவாதமாகத் தலையை மேலே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதைத் திரும்ப வைக்க, சீன மருத்துவர்கள் தாயின் சுண்டு விரல் அருகே மூலிகைச் சூடு காட்டுவார்கள். அந்தப் புள்ளியைச் சொன்னாலே அக்குபஞ்சர் மருத்துவர்களுக்கு இந்தச் சிகிச்சைதான் முதலில் ஞாபகம் வரும்.

இன்னொரு சிக்கல், இதைவிடப் பெரியது. இந்த வரைபடம் காட்டுவது மருத்துவர்கள் எங்கே குத்தினார்கள் என்பதைத்தான். குணமானதா என்பதை அது காட்டாது! எல்லோரும் ஒரே புத்தகத்தைப் படித்துவிட்டு ஒரே இடத்தில் குத்தினாலும் ஜங்ஷன் உருவாகத்தானே செய்யும்? உடம்பு ஒருவருடையது, ஊசி இன்னொருவருடையது. 'எல்லோரும் செய்கிறார்கள்' என்பது போதுமா?

போலி ஊசி சோதனை

ஜெர்மனி டாக்டர்கள் போதாது என்று நினைத்தார்கள். தீராத முதுகு வலியால் தவித்த 1,162 பேரை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். முதல் பிரிவுக்குச் சரியான புள்ளிகளில் ஊசி. இரண்டாவது பிரிவுக்குப் போலி ஊசி. அதாவது, புள்ளியே இல்லாத இடங்களில், ஆழமில்லாமல் ஒரு குத்து. எது அசல், எது போலி என்று நோயாளிக்குச் சொல்லவில்லை. மூன்றாவது பிரிவுக்கு மாத்திரை, உடற்பயிற்சி போன்ற வழக்கமான சிகிச்சை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தார்கள். முடிவு 2007-ல் வெளியானது.

வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 100-க்கு 27 பேருக்கு நல்ல முன்னேற்றம். சரியான புள்ளியில் ஊசி போட்டவர்களில் 100-க்கு 48 பேர். சபாஷ்! போலி ஊசி? 100-க்கு 44 பேர்!

ஊசி உதவியிருக்கிறது. ஆனால், எங்கே குத்தினாலும் கிட்டத்தட்ட ஒரே பலன். அப்படியானால் வெண்கல மனிதனின் அத்தனை துளைகளும் எதற்கு? 'டாக்டர் நம்மைக் கவனிக்கிறார், குணமாகிவிடும்' என்ற நம்பிக்கையே வலியைக் குறைத்திருக்கலாம். எங்கே குத்தினாலும் நரம்புகள் விழித்துக்கொண்டிருக்கலாம். முதுகு வலியைப் பொறுத்தவரை புள்ளிக் கட்சிக்கு இது பலத்த அடிதான்.

நெய்குவான் கதை வேறு மாதிரி. அறுவை சிகிச்சை முடிந்து கண் விழிக்கும் பலருக்குக் குமட்டிக்கொண்டு வாந்தி வரும். அப்போது மணிக்கட்டிலுள்ள இந்தப் புள்ளியைத் தூண்டினால் பலன் உண்டா? காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு 2015-ல் 59 சோதனைகளை, மொத்தம் 7,667 பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. போலிச் சிகிச்சையைவிட இதில் குமட்டலும் வாந்தியும் குறைவாகவே இருந்தன. அந்தச் சோதனைகளில் பல அவ்வளவு கச்சிதமாக நடத்தப்படவில்லை என்பதையும் அதே அறிக்கை சொல்லிவிட்டது. இதற்கு ஊசிகூடத் தேவையில்லை. குமிழ் வைத்த மணிக்கட்டுப் பட்டையால் அழுத்துவதும் ஒரு வழி.

(ஊக்கு, குண்டூசி என்று எதையாவது எடுத்துத் தம்பி காலில் சோதனை செய்து பார்த்தீர்களோ, தொலைந்தது! கிருமி நீக்கிய ஊசி, பயிற்சி பெற்ற கை இரண்டும் இல்லாமல் குத்தினால் சீழ் பிடிக்கும். நுரையீரலில் ஓட்டை விழுந்த சம்பவங்களும் உண்டு.)

எலி சொன்ன பதில்

மறுபடியும் சூசான்லிக்கு வருவோம். வரைபடத்தில் ஜங்ஷன், சரி. அங்கே குத்தினால் உடம்புக்குள் நிஜமாகவே ஏதாவது நடக்கிறதா?

அமெரிக்காவின் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் சியுஃபு மா என்ற நரம்பியல் விஞ்ஞானியின் குழு இதை எலிகளிடம் கேட்டது. பாக்டீரியாவின் நச்சுப்பொருளைச் செலுத்தி எலிகளின் உடலில் கடும் அழற்சியை உண்டாக்கினார்கள். சூசான்லி இருக்கும் பின்னங்கால் பகுதியில் ஊசி செருகி, அதன் வழியே மெல்லிய மின்சாரம் பாய்ச்சினார்கள். செய்தி காலிலிருந்து தண்டுவடத்துக்கும், அங்கிருந்து மூளைக்கும் போனது. மூளையிலிருந்து வேகஸ் என்ற நீண்ட நரம்பு வழியாகச் சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிக்கு வந்தது. சுரப்பி சில ரசாயனங்களை வெளியே விட, அழற்சி தணிந்தது!

அதே மெல்லிய மின்சாரத்தை வயிற்றில் இருக்கும் ஒரு புள்ளியில் கொடுத்தபோது இந்தப் பாதை வேலை செய்யவில்லை. காலில் குத்தினால் நடக்கிறது, வயிற்றில் குத்தினால் நடக்கவில்லை. ஏன்?

காரணத்தையும் பிடித்துவிட்டார்கள். ஒரு குறிப்பிட்ட வகை நரம்பு செல்களின் இழைகள் காலின் ஆழத்தில், எலும்பை ஒட்டிய உறையில் அடர்த்தியாகப் பரவியிருக்கின்றன. வயிற்றின் ஆழத்தில் அப்படி இல்லை. அந்த நரம்பு செல்களை மட்டும் நீக்கிவிட்ட எலிகளுக்கு அதே இடத்தில் ஊசி செருகினார்கள்; பலன் காணாமல் போனது! 2021-ல் 'நேச்சர்' இதழில் இந்த ஆய்வு வந்தபோது, இடம் முக்கியமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

ஆனால் அது எலி, நாம் மனிதர்கள். எலிக்குத் தணிந்தது அழற்சி. ரெஸ்டனுக்கு இருந்ததோ வயிற்று உப்புசம். அறுவை சிகிச்சைக்குப் பிறகு வரும் உப்புசம் குடல் மறுபடி வேலை செய்யத் தொடங்கியதும் தானாகவே இறங்குவதும் உண்டு. அன்று இரவு அவரைக் குணப்படுத்தியது ஊசியா, மூலிகைச் சூடா, நேரமா என்பதை ஒரே ஒரு நோயாளியை வைத்துச் சொல்ல முடியாது. வரைபடத்தில் ஜங்ஷனாக வந்த ஒவ்வொரு புள்ளிக்கும் இப்படி ஒரு நரம்பு இருக்கிறதா என்று இனி ஒவ்வொன்றாகத் தேடிப் பார்க்க வேண்டும். சூசான்லி போக இன்னும் 360 இருக்கின்றன!